சப்பாத்தோடு களவெட்டிக்குள் போனவன்

என் கல்லூரிப் படிப்பு ஒரே வருடத்தில் முடிந்துபோனது. அதற்காக வாங்கிய கடன் நான்கு வருடம் உயிரோடிருந்தது. இரண்டில் எது உன்னை மனிதனாக்கியது என்று யாராவது கேட்டால், கூச்சமில்லாமல் கடனைத்தான் காட்டுவேன்.

குருக்கள்மடத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் புலி. (மற்றப் பாடங்களைப் பற்றி யாரும் கேட்காதவரை நான் பொதுவாகவே புலி.) மட்டக்களப்புப் பட்டணத்து ஆங்கிலக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. சம்பளமும் விடுதிச் சாப்பாட்டுக் காசும் முன்கூட்டியே கட்ட வேண்டும். அப்பா காய்ச்சலில் போய் ஐந்து வருடமாகியிருந்தது. எங்களிடம் இருந்தது ஓர் ஓலை வீடும், ஊருக்கு மேற்கே வட்டை என்கிற வயல்வெளியில் ஒரு துண்டு வயலும். இரண்டிலும் எனக்கு ஒரு பிடி மண்கூட உரிமையில்லை. எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை போய் மனைவி வீட்டில் இருந்துகொள்ள வேண்டியதுதான். ஆகவே அந்த வயல் தங்கம்மா அக்காவின் சீதனம். அடுத்த வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

வழி சொன்னதும் அக்காதான்.

"ஒரு போகத்து நெல்ல இவன்ட படிப்புக்கு விடுவம், அம்மா."

"மாப்புள வீட்டார் கேட்டா என்ன சொல்ற, புள்ள?"

"வயல் எங்கயும் ஓடாது. ஓடுறதெண்டா இவன்தான் ஓடுவான்."

(பிற்காலத்தில் நான் கால் போன போக்கில் திரிந்தபோதெல்லாம் இந்தப் பேச்சு என் பின்னாலேயே வந்தது.)

காத்தான்குடியில் நெல் வியாபாரம் செய்த காதர் காக்காவிடம் போனோம். அவர் காசை எண்ணி அம்மாவின் கையில் வைத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வட்டி என்ன வீதம், காக்கா?" என்று கேட்டேன்.

"வட்டி எங்களுக்கு ஆகாது, தம்பி. அது ஹறாம். அறுப்பு முடிய முப்பது மூட நெல் தாங்க. தராட்டி, தாற வரைக்கும் வயல் என்ட கையில இரிக்கும்."

வட்டிக்கு வட்டிக் கணக்கைத் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்த எனக்குப் பெரிய ஏமாற்றம். வயல் அவர் கைக்குப் போனால் அக்காவின் கல்யாணம் நின்றுவிடும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அம்மாவுக்கு உறைத்தது. வீடு வரும்வரை அவள் காசு முடிந்த முந்தானையைக் கையிலிருந்து விடவில்லை.

கல்லூரியில் அந்த வருடம் மூன்று விஷயம் கற்றுக்கொண்டேன். கரண்டியால் சோறு தின்னுவது, கொப்பியில் எழுதாத எதையும் நம்பாமலிருப்பது, சப்பாத்துப் போடுவது. சப்பாத்து, கூடப் படித்த பறங்கிப் பையனின் தமையன் போட்டுக் கழித்தது. என் காலை விட இரண்டு விரல் நீளம். முன்னால் வைக்கோல் அடைத்துத்தான் போட முடியும். நடந்தால் கிறீச் கிறீச்சென்று ஊரே திரும்பிப் பார்க்கும். நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அறுப்புக்கு லீவில் வந்தேன். கதிரெல்லாம் வெட்டி, மாடு விட்டு மிதித்து, தூற்றி, களவெட்டி என்கிற நெற்களத்தின் நடுவே நெல்லைக் குவித்திருந்தார்கள். அளந்து மூடை கட்ட வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் களவெட்டி கோயில் மாதிரி. செருப்போடு உள்ளே போகக்கூடாது. குவிந்து கிடக்கும் நெல்லைப் பொலி என்றுதான் சொல்ல வேண்டும். அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று எண்ணாமல் லாபம் என்று எண்ணுவார்கள். இல்லை, போதாது, குறையுது, முடிஞ்சுது என்ற சொற்கள் யார் வாயிலும் வரக்கூடாது. அப்படி ஒன்றைச் சொல்ல நேர்ந்தால் பெருகும் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் எனக்கு நடக்கப் பழகிய நாளிலிருந்து தெரியும். ஆனால் கொப்பியில் எழுதியிருக்கவில்லையே!

வயல் வேலைக்குத் தலைவர் சாமித்தம்பி மாமா. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மனே, சப்பாத்தக் கழத்திப்போட்டு வா."

"கழத்தினாத் திரும்பப் போட ஏலா மாமா. உள்ளுக்குள்ள வைக்கல் அடைச்சிரிக்கு."

"அப்ப அங்கினயே நில்லு. வாயத் துறக்காத."

வரம்பில் நின்றேன். கையில் கொப்பி, காதில் பென்சில். மாமா மரைக்காலை நெல்லில் அமுக்கி எடுத்து, "லாபம்" என்று சாக்கில் கொட்டினார். பிறகு, "ரெண்டு."

லாபம் என்ற எண் எந்த வாய்ப்பாட்டிலும் கிடையாது. ஒரு நிமிடம் பொறுத்தேன். இரண்டு நிமிடம் பொறுத்தேன். எட்டோ ஒன்பதோ மூடை கட்டினதும், மிச்சக் குவியலைக் கண்ணால் அளந்து கொப்பியில் பெருக்கிப் பார்த்தேன். அந்த வருடம் வெள்ளம் வயலின் ஒரு மூலையைக் கொண்டுபோயிருந்தது. கணக்கு அதைக் காட்டியது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் கிறீச் கிறீச்சென்று நேரே களவெட்டியின் நடுவுக்கு நடந்தேன்.

"மாமா, அளக்கத் தேவையில்ல! இது இருபதுக்கு மேல போகாது. பத்து மூட குறையுது. கடனுக்குப் போதாது. அவ்வளவுதான், முடிஞ்சுது!"

விலக்கப்பட்ட சொல் அத்தனையையும் ஒரே மூச்சில், சப்பாத்துக் காலோடு, உரத்த குரலில் சொன்னவன் எங்கள் வட்டையில் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மாமா மரைக்காலைக் கவிழ்த்து வைத்தார். ஆட்கள் ஒவ்வொருவராகச் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். மாடுகூடத் தின்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம்.

"இனி வெள்ளிக்கிழம பொங்கல் வெச்சுத்தான் அளக்கிற," என்றார் மாமா. பிறகு என்னிடம், "காசு குடுத்தா மனே இதப் படிச்ச?"

அன்று செவ்வாய். குவியலையும் கட்டின மூடைகளையும் வைக்கோலால் மூடிவிட்டு வந்தார்கள். புதன் விடியற்காலையில், வரவே கூடாத மழை வந்தது. என் பேச்சுக்கும் அந்த மழைக்கும் தொடர்பு இருந்ததாக நான் நம்புவதில்லை. மழை நம்பியிருக்க வேண்டும். அவ்வளவு கோபமாகப் பெய்தது.

வைக்கோலை நீக்கிப் பார்த்தால் நெல் ஊறிக் கிடந்தது. இரண்டு நாளில் முளைத்துவிடும். முளைத்த நெல்லைக் காக்கா தொடமாட்டார். அம்மா வரம்பில் குந்திவிட்டாள். அக்கா என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் ஒரு பிடி நெல்லை அள்ளி மணந்து பார்த்தாள்.

"எப்பிடியும் அவிக்கிறதுக்கு ஊறத்தானே போடுற? இது ஊறியே கிடக்கு. அவிப்பம்."

சாமித்தம்பி மாமா தலையைச் சொறிந்தார். "பொங்கல் வெக்காமப் பொலியத் தொடுறதா, புள்ள?"

"பொங்கல வெள்ளிக்கிழம வெப்பம் மாமா. நெல்லு வெள்ளி வரைக்கும் நிக்காது."

மாமா முதல் சாக்கைத் தானே தூக்கித் தோளில் வைத்தார்.

ஊரில் இருந்த நெல் அவிக்கும் கிடாரமெல்லாம் எங்கள் முற்றத்துக்கு வந்தது. பெண்கள் முறை வைத்துப் புழுங்கலாக அவித்தார்கள். வெயில் எறித்ததும் மணலில் பாய் விரித்துக் காயப் போட்டார்கள். எனக்குக் காகம் விரட்டும் வேலை. வாயால் விரட்டக்கூடாது, கையால் மட்டும். வாய் திறக்காமலிருக்க, போகிற வருகிற பெண்கள் ஒவ்வொருத்தியும் என் வாயில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்தாள். "தின்னுகா, படிச்ச மாப்புள!" மூன்று நாளில் ஒரு குலை தின்றிருப்பேன். அதற்குப் பிறகு எனக்கு வாழைப்பழம் பிடிப்பதில்லை.

ஞாயிறன்று காதர் காக்கா வண்டியோடு வந்தார். நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்தார். அளந்ததில் நான் கொப்பியில் கண்ட அதே இருபது மூடைதான் வந்தது. அவருக்கு மழைக் கதையும் சப்பாத்துக் கதையும் முன்பே எட்டியிருந்தது.

"நல்லாத்தான் அவிச்சிரிக்கிங்க, தங்கச்சி. அவிச்ச கூலிக்கு ரெண்டு மூட கழிக்கிறன். வயல் எனக்கு வேணாம். மிச்சம் எட்டையும் தம்பிர பேருல எழுதுறன். வாயால வந்த கடன், கையால தீக்கட்டும்."

வைகாசியில் அக்காவின் கல்யாணம் நடந்தது. வயல் அவள் பெயரிலேயே இருந்தது. நான் கல்லூரிக்குத் திரும்பவில்லை. அடகு வைக்க இன்னோர் அக்கா இல்லையே! பனிச்சங்கேணியில் தோணி வலித்தேன், தென்னந்தோட்டத்தில் காய் உரித்தேன், றோட்டுக்குக் கல் உடைத்தேன். கூலி கிடைத்த இடத்தில் காய்ச்சலும் சேர்ந்து கிடைத்தது. எட்டு மூடையின் காசைக் கட்டி முடிக்க நான்கு வருடமாயிற்று. முதலில் கொடுத்தது அந்தச் சப்பாத்து விற்ற காசு. காக்கா ஒரு நாளும் ஆள் அனுப்பிக் கேட்கவில்லை.

அதெல்லாம் நடந்து பல வருடம். உலக யுத்தமும் வந்து முடிந்துவிட்டது. போன மாதம் அக்காவின் மகள் பூமணிக்குப் பட்டணத்துக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இப்போது படிப்புக்குச் சம்பளமில்லை. விடுதிச் சோற்றுக்கு மட்டும் கட்ட வேண்டும். பாயை விரித்து, வீட்டிலிருந்த காசையெல்லாம் கொட்டினார்கள். அந்த நேரம் பார்த்து நான் வாசலில் போய் நின்றேன்.

"மாமா, செருப்பக் கழத்திப்போட்டு வாங்க!" என்று கத்தினாள் பூமணி. எங்கள் வீட்டில் எதையாவது எண்ணும்போது நான் வந்தால் இதுதான் வரவேற்பு. அக்கா எழுந்து போய், ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு வந்து என் வாயில் வைத்தாள். அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பாயில் கிடந்த காசைப் பார்த்த மாத்திரத்தில் கணக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. (அந்தப் புலி இன்னும் சாகவில்லை.) வாய் நிறையப் பழத்தோடு, மடியை அவிழ்த்து, அந்த மாதம் கல்லுடைத்த கூலியை முழுதாக எடுத்துப் பாயில் வைத்தேன்.

பூமணி முதல் நோட்டைக் கையில் எடுத்தாள். என்னை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"லாபம்," என்று எண்ணத் தொடங்கினாள்.