மாநில லீக் போட்ட விண்ணப்பம்

மாநிலக் கால்பந்து லீக்கில் பத்து கிளப்புகள் இருந்தன. அவை பன்னிரண்டாக வேண்டும் என்று ஆணையம் ஒருமனதாகத் தீர்மானித்தது. பத்தில் என்ன குறை என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து மாநிலத்தில் பதினொன்று இருந்தது. வேறு காரணம் எதற்கு?

இந்தத் திருப்பணி டெஸ்மண்ட் ப்ரவுஸிடம் ஒப்படைக்கப்பட்டது. இருபது வருஷம் லீக் அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியவருக்கு 'விரிவாக்க மேலாளர்' என்ற புதுப் பதவியும், சின்னம் தைத்த ஜாக்கெட்டும் கிடைத்தன. கூடவே தலைவர் ரோட்ரிக் ஹேஸலின் ஆசீர்வாதம்.

"டெஸ்மண்ட், செப்டம்பருக்குள்ள ரெண்டு கிளப் வரலைன்னா, விரிவாக்கமும் இல்ல, மேலாளரும் இல்ல."

சேர விரும்பும் கிளப்புகளுக்கென்று எழுபத்து நாலு பக்கப் படிவம் தயாரானது. அதில் ஒரு கேள்வி: 'உங்கள் கிளப் ஒரு விலங்காக இருந்தால் எந்த விலங்கு? ஏற்கெனவே விலங்காக இருப்பின், வேறு எந்த விலங்கு?' நாலு மாதத்தில் ஒரே ஒரு படிவம் திரும்பி வந்தது. அதுவும் விலாசம் தவறு என்று.

வேறு வழியில்லாமல் டெஸ்மண்ட் காரை எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் வடக்கே போய், கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த குன்யாராவில் இறங்கினார். சனிக்கிழமை. ஊரின் மக்கள்தொகை தொள்ளாயிரம். மைதானத்தில் ஆயிரத்து நூறு பேர் இருந்தார்கள். எல்லைக் கோட்டைச் சுற்றி மூக்கை உள்ளே நீட்டி நின்ற கார்கள், கோல் விழும்போதெல்லாம் ஒரே குரலில் ஹாரன் அடித்தன. டெஸ்மண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தின வாரம் மாநில லீக் ஆட்டத்துக்கு வந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர், நடுவர்களையும் சேர்த்து.

ஆட்டம் முடிந்ததும் கிளப் கமிட்டி அவரை உட்கார வைத்தது. தலைவர் மெர்வ் லிண்ட்னர், கோதுமை விவசாயி. செயலாளர் க்ளெண்டா நோஸ்கே, கேன்டீனும் அவர் பொறுப்புதான். ஏப்ரனில் தக்காளி சாஸ் காயாமல் இருந்தது.

"உங்களுக்கு மாநில லீக்ல இடம் தரத் தயாரா இருக்கோம்," என்றார் டெஸ்மண்ட். "ஒரு சின்ன நிபந்தனை. உங்க சொந்த மைதான ஆட்டங்களைத் தலைநகர்ல ஆடணும்."

"அப்ப வெளியூர் ஆட்டம்?" என்றார் மெர்வ்.

"அதுவும் தலைநகர்லதான்."

"அப்ப இங்க எங்களுக்குன்னு என்ன மிஞ்சும்?"

"பெருமை."

"அதை சாஸ் ஊத்தி விக்க முடியுமா?" என்றார் க்ளெண்டா.

மெர்வ் தாடையைச் சொறிந்தார். "ஆமா, உங்க ஆட்டத்துக்கு எத்தன பேர் வராங்க?"

டெஸ்மண்ட் இருமினார். "நானூத்திச் சொச்சம்."

ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போனவர் குரலில் மெர்வ் சொன்னார்: "ஐயையோ. எங்க சின்னப் பசங்க ஆட்டத்துக்கே அறுநூறு வருமேப்பா. நியாயமா நீங்கதான் எங்ககிட்ட சேரணும்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். க்ளெண்டாவுக்கு விளையாட்டுப் பேச்சு பழக்கமில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவர்களே நடத்தும் வட்டார லீக்கில் சேரும் கிளப்புகளுக்கான படிவம். நாலே கேள்வி. ஜெர்சியைத் துவைப்பது யார்? இடைவேளைக்கு ஆரஞ்சு வெட்டுவது யார்? பெண்களுக்கு நெட்பால் அணி உண்டா? கேன்டீனில் நிற்பவர்களின் பெயர், போன் நம்பர்.

இருபது வருஷ உத்தியோகத்தில், ஒரு முறை படித்ததும் புரிந்த தாள் டெஸ்மண்டுக்கு அதுதான் முதல். பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டார்.

வேலை போகும் என்ற தெளிவோடுதான் அதை ஹேஸலின் மேஜையில் வைத்தார். ஹேஸல் முகம் சிவந்தது.

"நம்மள மதிப்பீடு பண்றாங்களா? நம்மளையா?"

"ஆமா சார்."

"இதுல நாம ஃபெயிலாகக் கூடாது டெஸ்மண்ட்!"

துணைக்குழு அமைந்தது. ஆலோசகர்கள் வந்தார்கள். 'சீருடைத் தூய்மைக் கொள்கை' நாற்பத்தாறு பக்கம் ஓடியது. ஆரஞ்சை நாலாக வெட்டுவதா, எட்டாக வெட்டுவதா என்று பொதுமக்கள் கருத்துக் கேட்கப்பட்டது. நெட்பால் அணிக்குக் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்தது. செப்டம்பர் வந்தது, போனது. டெஸ்மண்ட் இப்போது 'விண்ணப்ப மேலாளர்' ஆகியிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. கேன்டீனில் நிற்பவர் பெயர் கேட்ட நாலாவது கேள்வி வந்தபோது மட்டும் ஆணைய உறுப்பினர்கள் எல்லோருக்கும் அவசரமாக வேறு வேலை வந்துவிட்டது.

ஏழு மாதம் கழித்து, நூற்றுப் பன்னிரண்டு பக்க விண்ணப்பத்தோடு டெஸ்மண்ட் குன்யாராவுக்குப் போனார். க்ளெண்டா நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"கேன்டீன்ல யாரு நிப்பாங்க?"

"சுழற்சி முறையில், பங்கேற்பு அடிப்படையில்..."

"பேரு?"

டெஸ்மண்ட் ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்க நிப்பீங்களா?"

அவரிடம் யாரும் அப்படி நேராக எதையும் கேட்டதில்லை. "நிப்பேன்," என்றார்.

"அப்ப உங்களைச் சேத்துக்கறோம். உங்க லீக்கை முடியாது."

டெஸ்மண்ட் ராஜினாமா எழுதினார், ஒரே வரி. அடுத்த சனிக்கிழமை முதல் குன்யாரா கேன்டீனில் இறைச்சி அடைத்த மீட் பைகளைச் சூடாக்கினார். பசியோடு வருபவனிடம் ஒன்றைக் கொடுத்தால் அவன் போய்விடுகிறான். தொடர் நடவடிக்கை எதுவும் தேவைப்படவில்லை. இப்படியும் ஒரு வேலை உண்டா என்று வியந்தார். மாநில லீக்கோ, 'விரிவாக்கத்தின் முதற்கட்டம் நிறைவுற்றது' என்று அறிக்கை விட்டது.

ஆனால் தலைநகரின் ஹேலிஃபோர்டு கிளப் சும்மா இருக்கவில்லை. அந்த நாலு கேள்விக்கும் பத்து நிமிஷத்தில் பதில் எழுதி, மாநில லீக்கை விட்டு வட்டார லீக்கில் சேர்ந்துவிட்டது. மாநில லீக்கில் ஒன்பது மிஞ்சின. பத்திரிகைகள் குன்யாராவை நாட்டுக்கே முன்மாதிரி என்று எழுதின. இன்னும் ஐந்து கிளப்புகள் விண்ணப்பித்தன.

ஐந்து விண்ணப்பம் என்றால் சும்மாவா? ஒழுங்குமுறை வேண்டாமா? மெர்வுக்குத் தனி அறை வந்தது. க்ளெண்டா 'வளர்ச்சி இயக்குநர்' ஆனார். ஏப்ரனைக் கழற்றினார்.

ஒரு சனிக்கிழமை, இடைவேளை மணி அடிக்கும் நேரத்தில் டெஸ்மண்டைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். கேன்டீனை மூடிவிட்டு வரச் சொல்லி உத்தரவு.

"வெளியில ஜனம் நிக்குது," என்றார் டெஸ்மண்ட். "முதல்ல போய்த் திறந்துடறேனே?"

"திறக்கலாம்தான்," என்றார் க்ளெண்டா. "யார் தீர்மானத்துல திறப்பீங்க? துணைக்குழு போடாம எப்படி?"

மெர்வ் துணைக்குழுவை முன்மொழிந்தார். வழிமொழிய ஆள் தேடியபோது, இருபது வருஷப் பழக்கத்தில் டெஸ்மண்டின் கை தானாகவே மேலே போனது.

வெளியே எழுநூறு பேர் வரிசையில் நின்றார்கள். மூடிய கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை ஒரு விவசாயி வாய்விட்டுப் படித்தார்: 'உணவு வழங்கலின் எதிர்காலம் குறித்த கலந்தாய்வு நடைபெறுவதால் இன்று உணவு வழங்கப்பட மாட்டாது.' டெஸ்மண்ட் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லெறிவார்கள் என்று பயந்தார்.

விவசாயி தொப்பியைக் கழற்றினார். மனைவி பக்கம் திரும்பினார்.

"பாத்தியாடி? நம்ம கிளப்பும் பெரிய கிளப் ஆயிடுச்சு!"

"ஆமாங்க," என்றாள் அவள், வயிற்றைத் தடவிக்கொண்டே. "இப்பதான் பாக்கவே லட்சணமா இருக்கு."

பின்னால் யாரோ கைதட்டினார்கள். எழுநூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.