ஆறடி மெத்தையும் எட்டடி அறையும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலமும் சம்பந்தியம்மாள் நலமும் அறிய ஆவல். இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எதிரில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி, "பொய்யிலயே ஆரம்பிக்காதீங்க" என்கிறாள். ஆகவே அந்த வரியைத் தாங்களே நிரப்பிக்கொள்ளவும். உங்கள் மருமகள் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. ஏன் என்று தாங்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இரண்டு குடும்பமும் இவ்வளவு நாகரிகமாக இருந்தால் காரியம் நடக்காது என்பதால், மெத்தை சம்பந்தமாக ஒரு சந்தேகம் கேட்கும் சாக்கில் இதை எழுதுகிறேன்.

எந்த மெத்தை என்று கேட்க மாட்டீர்கள். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனபோது நாம் இருவரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த அதே ஆறடி மெத்தைதான். கடையில் நடந்த கூத்து தங்களுக்கு நினைவிருக்கும். தபால் நிலையத்தில் பார்சல்களின் நீள அகலம் பார்த்தே தலை நரைத்தவன் என்ற உரிமையில் நான் ஐந்தடி போதும் என்றேன். லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தியவர் என்ற முறையில் தாங்கள், "ஏத்தும்போது கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கணும் சம்பந்தி" என்று ஆறடியில் நின்றீர்கள். நம் சண்டை தாங்காமல் கடைக்காரர், "படுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க சார்" என்று சொல்லிவிட்டார். நாமும் செருப்பைக் கழற்றிவிட்டு அருகருகே படுத்தோம். தங்களுக்கு உடனே குறட்டை வந்துவிட்டது. எனக்கும் கண் சொக்கிவிட்டது. மெத்தை பார்க்க வந்த ஒரு இளம் ஜோடி நம் இருவரையும் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனதாகக் கடைக்காரர் பிற்பாடு வருத்தப்பட்டார். கண் விழித்தபோது தங்கள் முழங்கை என் விலாவில் இருந்தது. ஐந்தடியாக இருந்திருந்தால் நான் தரையில் இருந்திருப்பேன். அந்த ஒரு காரணத்துக்காகவே ஆறடிக்குச் சம்மதித்தேன். "சின்னஞ்சிறுசுங்க, நல்லா காலை நீட்டித் தூங்கட்டும் சம்பந்தி" என்று தாங்கள் சொன்னபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

உங்கள் மருமகள் ஒரே ஒரு பெட்டியோடுதான் வந்தாள். கேட்டதற்கு, "ஒத்து வரலைப்பா" என்று இரண்டே வார்த்தை. அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க என் மனைவியால்கூட முடியவில்லை. என் மனைவியால் முடியாதது என்றால் எவ்வளவு என்று தங்களுக்கே தெரியும். நாங்களும், கோபம் ஆறினால் போய்விடுவாள் என்று இருந்தோம். அவளோ இங்கேயே பல் செட் செய்யும் ஒரு கூடத்தில் வேலை தேடிக்கொண்டு, ஊரார் பல்லையெல்லாம் செய்துகொண்டிருந்தாள். அப்புறம் ஒருநாள் வாசலில் லாரி வந்து நின்றது. பிளாஸ்டிக் உறைக்குள் மெத்தை. அனுப்பியவர் மாப்பிள்ளை. கையெழுத்துப் போட்டுவிட்டு நான் வழியை மறித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து லாரிக்காரர், "கனம்தான் சார், நாங்க இறக்கிடுறோம்" என்றார்.

என் மனைவி அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "இது திருப்பி அனுப்பினது இல்லைங்க. அங்க வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறாங்க போல. அழுக்காகக் கூடாதுன்னு இங்க அனுப்பியிருக்காங்க" என்றாள். பெயிண்ட் அடிக்கிறவர்கள் யாராவது மெத்தையை ஊர் விட்டு ஊர் அனுப்புவார்களா என்று கேட்டேன். "நல்ல பெயிண்டா இருந்தா அனுப்புவாங்க" என்று முடித்துவிட்டாள். உறையைப் பிரிக்கவும் விடவில்லை. பிரித்தால் அவள் இங்கேயே தங்கிவிட்டாள் என்று ஆகிவிடுமாம்.

பிரித்தாலும் போட இடம் இல்லை என்பது வேறு விஷயம். அவள் அறை எட்டடிக்கு ஒன்பதடி. அதில் இரண்டடியை அலமாரி அடைத்துக்கொண்டிருக்கிறது. மிச்ச இடத்தில் ஆறடி மெத்தையைப் போட்டால் அலமாரி திறக்காது. அலமாரியைத் திறக்க வேண்டுமானால் மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும், அந்த ஒருவர் நான்தான். ஆகையால் அது கூடத்துச் சுவரில், ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. பகலிலும் விளக்கு போடுகிறோம். போன வாரம் மின்கணக்கு எடுக்க வந்தவர் மேல் அப்படியே சரிந்துவிட்டது. பாவம், கடமை தவறாத மனிதர், மெத்தைக்கு அடியிலிருந்தே எத்தனை யூனிட் என்று சொன்னார். விளக்கு எரிந்த கணக்கு அதிகம்தான்.

எங்கள் கட்டிலில் என் மனைவியும் உங்கள் மருமகளும் படுக்கிறார்கள். நான் சோபாவில். சோபா ஐந்தடி, நான் ஐந்தேமுக்காலடி. மிச்ச முக்காலடியை ஒரு ஸ்டூலில் வைத்துத் தூங்குகிறேன். இதையெல்லாம் பார்த்துவிட்டு உங்கள் மருமகள், "அப்பா, எனக்கு மூணடியில ஒரு மெத்தை வாங்கிக் குடுங்க. அம்மா தூக்கத்துலயும் என் கையை விடமாட்டேங்கறாங்க, புரளக்கூட முடியலை" என்றாள். சரி என்று கடைக்குப் போனேன். அங்கே ஒரு பெண் மிக மரியாதையாக வரவேற்று, ரூம் அளவு என்ன, இரண்டு பக்கமும் நடக்க இடம் வேண்டுமா, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று வரிசையாகக் கேட்டாள். அத்தனைக்கும் டக் டக்கென்று பதில் சொன்னேன். கடைசியாக, "ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா சார்?" என்றாள்.

"இப்போதைக்கு ஒருத்தர்" என்றேன். "அப்புறம்தான் தெரியும்."

"குழந்தைக்கா சார்?"

"ஆமாம்மா, குழந்தைக்குத்தான்."

"என்ன வயசு?"

"முப்பத்திரண்டு."

அவள் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்க என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். நான் ஒரு தலையணையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதுவும் வீட்டில் இருக்கும் தலையணை உறைக்குப் பெரிது.

வீட்டில் என் மனைவி சொல்வது என்னவென்றால், மூன்றடி வாங்கினால் அவர்கள் பிரிந்துவிட்டதாக நாமே நம் கையால் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆகவே நாலடி வாங்கலாம், மாப்பிள்ளை வந்தால் ஒண்டிக்கொண்டாவது படுத்துக்கொள்வார். நாலடியில் மாப்பிள்ளை தோளுக்கே இடம் போதாது என்றேன். "மனசு இருந்தா போதும், உங்க டேப்பை எடுத்து உள்ள வைங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதால் எனக்குக் கேட்காது என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறாள்.

சம்பந்தி, சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். மாப்பிள்ளை அவளைக் கூப்பிடுவாரா, மாட்டாரா? என்ன தப்பு நடந்தது, யார் பேரில் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அவள் கொஞ்சம் பிடிவாதக்காரி, அது என் வழியில் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். தாங்கள் ஒரு வார்த்தை பேசினால் மாப்பிள்ளை தட்ட மாட்டார். கூப்பிடுவார் என்றால் மெத்தையைப் பிரிக்காமலே, இன்னும் இரண்டு மாதமானாலும் ஸ்டூலில் காலை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். மாட்டார் என்றால் அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள், மூன்றடி வாங்கிவிடுகிறேன். தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் அன்பும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியும். பிள்ளைகள் இருவரும் பல்லாண்டு சேர்ந்து வாழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, என் மனைவி இந்த இடத்தில் "சேர்ந்து" என்பதை அடிக்கோடு போடச் சொல்வதால் போட்டுவிட்டு, முடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் மருமகள் வேலையிலிருந்து வந்தாள். கூடவே மெத்தை தைப்பவர் ஒருவர், நீளமான கத்தியோடு. "ஆறடியை மூணடியா வெட்டித் தைச்சுக் குடுத்துடுவாராம்ப்பா, புதுசா எதுக்கு" என்றாள். என் மனைவி மெத்தைக்கு முன்னால் போய் நின்று மறித்துப் பார்த்தாள், நடக்கவில்லை. மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, நாற்காலிகளையெல்லாம் ஒதுக்கி, மெத்தையைக் கூடத்தில் விரித்தார்கள். ஒரு ஓரத்தில் மட்டும் ஆள் படுத்த பள்ளம். மற்றபடி அந்தக் கோடியிலிருந்து இந்தப் பள்ளம் வரை, கடையில் நாம் பார்த்தபடியே புதுசாக இருந்தது. மெத்தைக்காரர் பார்த்தார், நான் பார்த்தேன்.

என் மனைவிதான் கேட்டாள். "ஏன்டி, மாப்பிள்ளை எங்க படுப்பாரு?"

"ஹால்லம்மா."

"எப்ப இருந்து?"

"ஆரம்பத்துல இருந்தே."

"இத்தனை வருஷமா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி!"

"நீங்க ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் மெத்தை எப்படி இருக்குன்னு கேட்டீங்க. நல்லா இருக்குன்னு சொன்னேன்" என்றாள் என் மகள்.

எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்வது என்று மெத்தைக்காரர் கேட்டார். பள்ளம் விழுந்ததை வெட்டி எறியச் சொன்னவள் என் மனைவி. வெட்டி முடியும்வரை கூடவே குனிந்து மறு முனையைப் பிடித்துக்கொண்டவளும் அவள்தான். மூன்றடி மெத்தை அறையில் கச்சிதமாக உட்கார்ந்தது. அலமாரி நன்றாகத் திறக்கிறது. என் மகள் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் குறுக்கே படுத்துத் தூங்குகிறாள். எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

ஆகையால் மேலே கேட்டிருக்கும் எதற்கும் தாங்கள் பதில் எழுத வேண்டாம், மாப்பிள்ளையிடம் பேசவும் வேண்டாம். கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் அந்த ஹாலில் இத்தனை வருஷம் படுத்தது தங்கள் பிள்ளை. தங்களுக்கும் இது தெரிந்திருக்காது. ஒரு எட்டு நேரில் போய் உங்கள் மகனைப் பார்த்துவிட்டு வாருங்கள் சம்பந்தி. பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறாய் என்று அவரைக் கேளுங்கள். நல்லா இருக்கேன் என்று சொன்னால் உடனே எழுந்து வந்துவிடாதீர்கள்.