தாய்மைத் துறையும் தூய்மைத் துறையும்

மனித குலத்தின் ஆகப் பெரிய நிர்வாகக் கண்டுபிடிப்பு எது என்று என்னைக் கேட்டால், சற்றும் தயங்காமல் 'பாட்டி' என்பேன். குழந்தையைப் பெறுவது தாயின் கடமை. வளர்ப்பது பாட்டியின் கடமை. இவ்விரண்டையும் 'ஒருங்கிணைப்பது' தந்தையின் கடமை. நானோ ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் ஒருங்கிணைப்புப் பிரிவின் தலைவன். தந்தையாவதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடைப்பது கஷ்டம்.

மகள் பிறந்ததும் விடுப்பு எடுத்தேன். எடுத்த விடுப்பை வீணாக்கவில்லை. அழுகையைக் கேட்டு அதன் காரணத்தைச் சொல்லும் அதிநவீனச் செயலி ஒன்றைச் செல்பேசியில் இறக்கினேன். குழந்தை அழும்போதெல்லாம் செல்பேசியை அதன் வாயருகே பிடித்துக்கொண்டு நிற்பேன். "பசி, அல்லது தூக்கம், அல்லது ஈரம், அல்லது வேறு ஏதாவது" என்று அது திட்டவட்டமாக அறிவிக்கும். நான் அதை உடனுக்குடன் மனைவியின் கவனத்துக்குக் கொண்டுபோவேன். அவள் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவாள். கூட்டு முயற்சி என்றால் இதுதான்.

அப்படியும் அவள் முகம் நாளுக்கு நாள் வாடியது. 'ஆள் பற்றாக்குறை' என்று சட்டென்று கண்டுபிடித்து, வேறு ஊரில் இருந்த என் அம்மாவை வரவழைத்தேன்.

அம்மா தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வந்து இறங்கியதும் குழந்தையை முறைப்படி 'ஒப்படைத்தேன்'. அம்மா அதைக் கொதிக்கிற பாத்திரத்தை வாங்குவதுபோல உடம்பில் படாமல் வாங்கினாள்.

"இதை எப்படிடா புடிக்கணும்?"

"என்னம்மா இப்படிக் கேக்கறே? நீ புள்ள வளர்த்தவதானே?"

"பெத்தவ. வளர்த்தது உங்கப்பா."

வயதாகிவிட்டது, ஞாபகம் தடுமாறுகிறது என்று நான் பெருந்தன்மையோடு விட்டுவிட்டேன்.

குழந்தை வீறிட்டது. அம்மா பழக்க தோஷத்தில், "சொல்லுங்க, யார் வேணும்?" என்றாள். அது இன்னும் ஓங்கிக் கத்தியது. "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று சொல்லி, என் மனைவியிடம் நீட்டினாள். நீட்டும்போதே அம்மாவின் புடவை முழுக்க நனைந்தது.

"அத்தை, ஐயோ, புதுப் புடவை!"

"பரவாயில்லம்மா. இணைப்பு கிடைச்சிடுச்சுன்னு தெரியுதுல்ல."

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வைக்காதீங்க அத்தை, தையல் வலிக்குது" என்றாள். பாட்டித் திட்டம் வெற்றி என்று நான் அலுவலக நண்பர்களுக்குச் செய்தி அனுப்பினேன்.

மறுநாள் காலை, வேலைப் பங்கீடு குறித்து விவாதிக்கக் கூடத்தில் ஓர் 'ஆலோசனைக் கூட்டம்' கூட்டினேன். அம்மா வந்தாள். குழந்தை தொட்டிலில் இருந்தபடியே கலந்துகொண்டது. மனைவி வரவில்லை.

"உறுப்பினர் ஒருத்தர் தாமதம்" என்றேன்.

அம்மா எழுந்து உள்ளே போனாள். "டேய்!" என்ற குரல் குளியலறையிலிருந்து வந்தது. அந்தக் குரலை நான் சின்ன வயதுக்குப் பிறகு கேட்டதில்லை. ஓடினேன்.

மனைவி வாளிக்குப் பக்கத்தில், ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் அலசாத துணி. எழுந்திருக்க முடியவில்லை. சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தோம்.

"ஏன் எங்கிட்ட முடியலன்னு சொல்லல?" என்றேன்.

"சொன்னேனே. முந்தாநாளும் சொன்னேன், நேத்தும் சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"'பரிசீலிக்கலாம்'னு சொன்னீங்க."

கூட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

அம்மா என்னைக் குளியலறைக்கு அழைத்துப்போய் வாளியைக் காட்டினாள். "நான் ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது உன்னைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தோள்ல சாச்சுக்கிட்டே உங்கப்பா வீடு பெருக்கிட்டு இருப்பாரு."

"அப்பாவுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"நீதான். தப்பாப் பண்ணா கத்துவே. சரியாப் பண்ணா நிறுத்துவே."

"எனக்கு ஒண்ணும் தெரியாதேம்மா."

"எனக்கும்தான் தெரியாது. ஆனா உனக்கு வயித்துல தையல் இல்ல. தாய்மை அவ துறை. தூய்மை உன் துறை. உக்காரு."

இவ்வாறாக எனக்குப் 'பதவி உயர்வு' கிடைத்தது. அம்மா குளியலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்தாள். முதல் குளியலில் நான் முழுக்க நனைந்தேன், குழந்தை நனையவில்லை. நான் கட்டிய இடுப்புத் துணி, தூக்கியதும் தானாகக் கழன்று தன் கடமையிலிருந்து ஓய்வு பெற்றது. நான் வாயால் இசைத்த தாலாட்டைக் கேட்டு, தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்தது.

"டேய், உன் செயலி என்ன சொல்லுதுன்னு கேளேன்" என்றாள் அம்மா.

கேட்டேன். அது என் பாட்டைக் 'கடும் வயிற்றுவலி' என்று அறிவித்தது. செயலியை நீக்கினேன்.

ஆனால் ஒரு நாள், நான் அலசி முடித்துத் திரும்பினால், குழந்தை அம்மாவின் மடியில் வாயைப் பிளந்து தூங்குகிறது. அம்மாவும் அப்படியே. உள்ளே மனைவி, பிரசவத்துக்குப் பிறகு முதல்முறையாக, குப்புறப் படுத்து அசந்து தூங்குகிறாள். யாருக்கும் என்னால் ஆகவேண்டியது எதுவும் இல்லை. சொட்டும் துணியோடு அங்கேயே நின்றேன்.

அம்மா ஊருக்குத் திரும்பும் அன்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா, குழந்தைக்குத் தைத்த சின்னச் சட்டையோடு வந்தார். நான் வாளியும் துணியுமாக நிற்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அடேயப்பா! ஆம்பளையாப் பொறந்து பீத்துணி அலசறாரே! இப்படி ஒரு புருஷன் கிடைக்க அந்தப் பொண்ணு குடுத்து வச்சிருக்கணும்!" என்றார். பிறகு நாற்காலியில் இருந்த அம்மாவைப் பார்த்தார். "ஏம்மா, வந்ததுலேர்ந்து உக்காந்த இடத்துலயே இருக்கீங்களே, பெத்த புள்ளைய இப்படியா வேலை வாங்குறது? அந்தப் பொண்ணும் பட்டப்பகல்ல தூங்குது. தெய்வம் மாதிரி மனுஷன், வாயைத் திறக்கறாரா பாருங்க!"

பேச்சுச் சத்தத்தில் மனைவி எழுந்து அறை வாசலில் வந்து நின்றாள். அவளும் அம்மாவும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஆனால் தையல்காரம்மா இன்னும் பாராட்டி முடிக்கவில்லை. ஒருவர் பேசும்போது குறுக்கே பேசுகிற கெட்ட பழக்கம் எனக்கு என்றுமே கிடையாது.