மூன்றாவது தூணைப் பற்றிப் பேசக்கூடாது

லோரிமர் ஃபால்ஸ் நகராட்சியில் எல்லாவற்றுக்கும் ஒரு கோப்பு உண்டு. மில் தெருப் பாலத்துக்கும் உண்டு. கோப்பின் கனத்தைப் பார்த்தால், வாகனங்களைப் பாலத்தின் மேல் விடுவதைவிடக் கோப்பின் மேல் விடுவதே பத்திரம் என்று தோன்றும். ஒஹாயோவின் இந்த மூலையில் ஆறு எங்கள் ஊரை இரண்டாக வகுத்திருக்கிறது. மேற்குக் கரையில் கடைத்தெரு, பள்ளிக்கூடம், தியேட்டர், நகராட்சி. கிழக்குக் கரையில் வீடுகள். நடுவில் தொண்ணூறு வயதைத் தாண்டிய அந்தப் பாலம். என் பெயர் மெர்ல் டூடெக். நகராட்சிச் செயலர் என்ற முறையில் மேற்படி கோப்பை இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கட்டிக் காத்து வருகிறேன். பாலத்தை யார் கட்டிக் காக்கிறார்கள் என்பது என் பிரிவில் வராது.

மார்ச் மாதம் ஒருநாள் காலையில் டார்லீன் கோவாச் உள்ளே வந்தாள். பள்ளிக்கூடத்துப் பதினான்காம் எண் பேருந்தை ஓட்டுகிறவள். தினமும் நாற்பத்தொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை அந்தப் பாலத்தைக் கடப்பாள். கட்டைவிரல் கனத்தில் துருப்பிடித்த போல்ட் ஒன்றை என் மேஜையில் டக்கென்று வைத்தாள்.

"என்ன இது?"

"பாலம்."

"முழுசாவா?"

"மிச்சம் பின்னாடியே வரும். அவசரப்படாதே. இது காலையில பஸ் கூரை மேல விழுந்துச்சு மெர்ல். பசங்க ஆலங்கட்டி மழைன்னு நெனச்சுக் கைதட்டினாங்க."

விதிப்படி ரசீது எழுதிக் கொடுத்தேன்: 'துருப்பிடித்த போல்ட், எண்ணிக்கை ஒன்று, நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது.' எங்கள் பொறியாளர் லைல் ப்ரூயிட்டுக்கு உரிய நடவடிக்கைக்காக ஒரு குறிப்பும் அனுப்பினேன். வேறு வருடமாக இருந்திருந்தால் அது உரிய காலத்தில் உரிய இடத்தில் தூங்கியிருக்கும். ஆனால் அதே வாரத்தில்தான் அந்த முன்னோட்டம் வெளியானது.

அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் ஒரு படக்கம்பெனி எங்கள் பாலத்தில் மூன்று நாள் படம் பிடித்தது. விண்ணப்பத்தில் படத்தின் பெயர் 'நீல வாத்து' என்று இருந்தது. கதை என்ற இடத்தில் 'தெரிவிப்பதற்கில்லை' என்று எழுதியிருந்தார்கள். வாத்துப் படம்தானே, குழந்தைகள் பார்ப்பார்கள் என்று அனுமதி கொடுத்துவிட்டோம். இப்போது ஒன்றரை நிமிட முன்னோட்டத்தைப் பார்த்தால், அதில் வாத்தும் இல்லை, பெயரும் இல்லை, நடிகர்களும் இல்லை. யாரோ நடுங்கும் கையால் எடுத்ததுபோல் மில் தெரு. ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். புகைக்குள்ளே ஏதோ ஒன்று நகர்கிறது. எங்கள் பாலம் மேலே எழும்பி, முறிந்து, ஆற்றில் விழுகிறது. ஒரு உறுமல். பிறகு கறுப்புத் திரையில் மே மாதத்துத் தேதி ஒன்று. அவ்வளவுதான்.

ஊருக்குப் பித்துப் பிடித்தது. புகைக்குள்ளே தெரிந்தது காலா வாலா என்று காலைச் சிற்றுண்டிக் கடையில் இரண்டு கட்சிகள் உருவாயின. முப்பது வருடம் சேர்ந்து மீன் பிடித்த இருவர் இந்தக் காரணத்துக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். டோனட் கடையில் மர்ம டோனட் வந்தது. உள்ளே என்ன என்று கேட்கக்கூடாது. கடலை ஒவ்வாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டதற்கு, அது கதையின் முடிவைக் கேட்பது போலாகும் என்று பதில் வந்தது.

இந்தப் பரபரப்பில் மேயர் வெண்டல் க்ரூபருக்கும் திடீரென்று பாலத்தின் மேல் பாசம் வந்தது. உலகமே பார்க்கும் பாலம், ஒருதடவை நாமும் பார்த்துவிடலாம் என்று லைலை அனுப்பினார். லைல் இரண்டு நாள் பாலத்துக்கு அடியில் தொங்கிப் பார்த்துவிட்டு, நாலு பக்கத்தில் அறிக்கை கொடுத்தான். சாரம் இதுதான்: மூன்றாவது தூணின் தாங்கு தகட்டைத் துரு அரித்துவிட்டது, பாலம் எந்த நேரமும் விழலாம், விழுந்தால் கிழக்குப் பக்கமாகச் சரியும், உடனே மூடவேண்டும்.

பாலத்தை மூடும் உத்தரவை நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது படக்கம்பெனியின் பிரதிநிதி வந்து சேர்ந்தாள். ஆஷ்க்ராஃப்ட் என்று பெயர். மேயரின் மேஜையில் கிடந்த அறிக்கையை நின்றபடியே படித்தாள்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்," என்றான் லைல்.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"எதை?"

"மூணாவது தூண்லேர்ந்து விழும்னு. கிழக்குப் பக்கமா சாயும்னு. எங்க கம்பெனியிலேயே ஆறு பேருக்குத்தான் தெரியும்!"

"எனக்குத் துரு சொல்லிச்சும்மா."

"துரு இரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கா?"

லைல் என்னைப் பார்த்தான். நான் கோப்பைப் பார்த்தேன். துருவின் கையெழுத்து எதுவும் கோப்பில் இல்லை.

"உங்க ஆளுங்க எப்படி அதே தூணைத் தேர்ந்தெடுத்தாங்க?" என்று லைல் கேட்டான்.

"அளந்து பார்த்துத்தான். பார்க்கறவங்க நம்பணுமில்ல? நிஜமா விழுந்தா எங்க விழுமோ அங்கதான் விழ வெச்சோம்."

அப்படியானால் பாலம் நிஜமாகவே விழும் என்று கம்பெனிக்கும் தெரிந்திருக்கிறது. இந்த எண்ணம் அறைக்குள் ஒருதடவை சுற்றி வந்தது. உட்கார யாரும் இடம் கொடுக்காததால் வெளியே போய்விட்டது.

ஆஷ்க்ராஃப்ட் நிலைமையைத் தெளிவாக விளக்கினாள். இப்போது பாலத்தை மூடினால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் சொன்னால் படத்தின் உச்சக்கட்டம் அம்பலமாகிவிடும். ஆகவே அறிக்கை, உத்தரவு, போல்ட் மூன்றையும் படம் வெளியாகும் வரை முத்திரையிட்டு வைக்கவேண்டும். கைம்மாறாக, முதல் காட்சி எங்கள் ஊர்த் தியேட்டரில், வெள்ளிக்கிழமை நண்பகலில். அதற்கு இருபத்துமூன்று பக்கத்தில் ஓர் ஒப்பந்தம். கையெழுத்திட வேண்டிய இடங்களில் மஞ்சள் காகித அம்புகள் ஒட்டியிருந்தன.

மேயர் அம்புகளைத் தொடர்ந்து போனார். லைல் கொஞ்சம் முனகிவிட்டுத் தொடர்ந்தான். நானும் தொடர்ந்தேன். கையெழுத்திட்ட எல்லோருக்கும் ஒரு கறுப்பு பேட்ஜ் கொடுத்தார்கள்: 'எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.' உண்மையைச் சொல்கிறேன், சட்டையில் குத்திக்கொண்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் எதையாவது தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு யாரும் வந்ததில்லை.

இதில் ஒரு சின்ன விஷயம். எங்களுக்கு அவர்கள் எதுவுமே சொல்லவில்லை.

முடிதிருத்தும் கடையில் வரிசையைத் தாண்டி என்னை முதலில் உட்காரவைத்தார்கள்.

"அதுக்குக் கால் எத்தனை மெர்ல்?"

"சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

"அப்படிப் போடு! நாலுக்கு மேலன்னு நான் அப்பவே சொன்னேனே!"

மேயரும் நானும் ஒருநாள் மாடிப்படியில் எதிரெதிரே வந்தோம். அவர் குரலைத் தாழ்த்தி, "உனக்கு எதாவது சொன்னாங்களா?" என்றார். "உங்களுக்கு?" என்றேன். இருவரும் எல்லாம் தெரிந்தவர்கள் மாதிரி ஒரு புன்னகை புரிந்துவிட்டுப் பிரிந்தோம்.

ஏப்ரல் மாத நகராட்சிக் கூட்டத்தில் டார்லீன் பேசப் பெயர் கொடுத்திருந்தாள். எங்கள் மன்றத்தில் குடிமக்கள் யாரும் எழுந்து மூன்று நிமிடம் பேசலாம். மணி பார்ப்பது நான்.

"பாலத்தை லைல் பாத்தாரு. என்ன எழுதினாரு? ஏன் யாரும் வாயைத் திறக்கலை?"

"அந்தப் பொருள் குறித்து இப்போது கருத்துக் கூறுவதற்கில்லை," என்றார் மேயர், பேட்ஜை நீவியபடி.

"விழுமா விழாதா? அதை மட்டும் சொல்லுங்க."

கூட்டத்தில் ஒருவன் எழுந்தான். "ஏய், ஸ்பாய்லர் சொல்லாதே! கதையை உடைக்காதே!"

"நான் எங்கடா சொன்னேன்? நான் கேட்டுட்டுதானே இருக்கேன்! அதான் முன்னோட்டத்திலேயே விழுதே!"

"விழறது தெரியும். எப்படி விழுதுன்னு தெரியாது. அதுக்குத்தான் டிக்கெட் வாங்கியிருக்கோம்!"

"மூணாவது தூண் பக்கம் போனா பஸ் ஆடுது. அங்கதான் ஏதோ..."

அதற்குள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு ஊளையிட்டார்கள். அவளுக்கு இன்னும் நாற்பது விநாடி பாக்கி இருந்தது. நான் மணியை அடித்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து டார்லீன் பாலத்தில் ஏறவில்லை. பதினொரு மைல் சுற்றி, நெடுஞ்சாலைப் பாலம் வழியாகப் பிள்ளைகளைக் கொண்டுவந்தாள். பள்ளிக்கு வந்துசேர இருபது நிமிடம் தாமதமாயிற்று. பெற்றோர் புகார் செய்தார்கள். அனுமதிக்கப்பட்ட பாதையிலிருந்து விலகியதற்காக முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவள் விலகிக்கொண்டே இருந்தாள். இரண்டாவதும் வந்தது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். பதினான்காம் எண் பேருந்துக்கு வேறு ஆள் வருவான். அவன் பாலத்தில்தான் போவான்.

படம் வெளியாவதற்கு முந்தைய நாள் மதியம் என் மேஜை முன்னால் வந்து நின்றாள். இந்தத் தடவை கையில் எதுவும் இல்லை.

"மெர்ல். நீ பேசவேண்டாம். தலையை மட்டும் ஆட்டு. அது விழுமா?"

அறிக்கை என் மேஜையின் இழுப்பறைக்குள்ளேதான் இருந்தது. என் முழங்காலில் அது இடிப்பதுபோல் இருந்தது.

"சைகை காட்டறதும் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க டார்லீன்."

"நாற்பத்தொரு புள்ளைங்க."

"நாளைக்குப் படம் வந்துடும். வந்ததும் எல்லாத்தையும் வெளியிட்டுடலாம். ஒரே ஒரு நாள்."

அவள் என் பேட்ஜைப் பார்த்தாள். "உனக்கு என்னதான் தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பேட்ஜைக் கழற்றவேண்டும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் முதல் காட்சியில் அது இல்லாமல் முன்வரிசையில் உட்கார விடமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு அரைநாள் விடுமுறை. கிழக்குக் கரை மொத்தமும் பிள்ளைகுட்டிகளோடு தியேட்டருக்கு வந்துவிட்டது. டார்லீன் மட்டும் வரவில்லை. படம் ஆரம்பித்து ஒருமணி நேரம் ஆகியிருக்கும். புகை, ஓட்டம், அலறல். கால் கட்சியும் வால் கட்சியும் நாற்காலி நுனியில். அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்து பகல் வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. டார்லீன் மூச்சிரைக்க நின்றாள்.

"பாலம் விழுந்துடுச்சு!"

"உஷ்!" என்றார்கள் நானூறு பேர்.

"நிஜமா விழுந்துடுச்சு! மூணாவது தூண்! அப்படியே கிழக்குப் பக்கமா..."

"அடிப்பாவி, சொல்லிட்டியே!" என்று ஒருத்தி அழுதேவிட்டாள். பாப்கார்ன் பறந்தது. வாயிற்காவலர் இருவர் டார்லீனைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். அடுத்த நிமிடம் திரையில் பாலம், மூன்றாவது தூணிலிருந்து, கிழக்குப் பக்கமாகச் சரிந்து விழுந்தது. யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பி முறைத்தார்கள். 'உஷ்' சொன்ன நானூறு பேரில் நானும் ஒருவன். பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படம் முடிந்தது. பிராணியைக் கடைசிவரை முழுசாகக் காட்டவில்லை. வெளியே வரும்போதே தீர்ப்பு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "பாலம் விழற இடம்தான் சுத்தப் பொய்," என்றார் ஒருவர். "அவ்வளவு சுலபமா எந்தப் பாலமாவது விழுமா?" சொல்லிவிட்டு மனைவி மக்களைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலத்துக்குப் போகும் வழியில் கிளம்பினார். அவர் பின்னால் இருநூறு கார்கள்.

மில் தெரு முனையில் எல்லாம் நின்றுவிட்டன. பாலத்துக்கு முன்னால் பதினான்காம் எண் பேருந்து சாலையை அடைத்துக் குறுக்கே நின்றது. சிவப்பு விளக்குகள் மின்ன, பக்கவாட்டில் 'நில்' பலகை நீட்டியிருந்தது. எங்கள் ஊரில் சாமிக்குப் பயப்படாதவன்கூடப் பள்ளிப் பேருந்தின் நில் பலகைக்குப் பயப்படுவான். ஓட்டுநர் உரிமம் போய்விடும்.

ஜனங்கள் இறங்கி நடந்து வந்து பார்த்தார்கள். பேருந்துக்கு அந்தப் பக்கம் பாலம் இல்லை. ஆற்றுத் தண்ணீர் இன்னும் கலங்கியே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு யாரோ, "கம்பெனிக்காரன் எவ்வளவு தத்ரூபமா செட் போட்டிருக்கான் பாரு!" என்றான். கைதட்டல் வானைப் பிளந்தது. செல்போன்கள் உயர்ந்தன. மேயர் சட்டையைச் சரிசெய்துகொண்டு புகைப்படத்துக்கு நின்றார்.

டார்லீன் பேருந்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். "இப்பவாவது அந்தக் காகிதத்தைக் காட்டு," என்றாள். படம் வெளியாகும் நாள் என்பதால் காலையிலேயே அறிக்கையைப் பையில் எடுத்து வைத்திருந்தேன், கூடவே ஒப்பந்தத்தையும். அவள் அறிக்கையைப் பார்க்கவே இல்லை. அதில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒப்பந்தத்தைத்தான் வாங்கினாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மஞ்சள் அம்பு எதுவும் ஒட்டாத பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். ஊரில் அதைச் செய்த முதல் ஆள் அவள்தான்.

இருபத்தோராம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மெர்ல், இங்க என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா உனக்கு? 'பொதுமக்கள் உயிருக்கு ஆபத்து இருக்கும்பட்சத்தில் இந்த ஒப்பந்தம்...'"

"டார்லீன், நிறுத்து!" மேயர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். "முடிவைச் சொல்லிடாதே! அதை நாங்க யாரும் இன்னும் படிக்கலை!"

சுற்றி நின்றவர்கள் மளமளவென்று காதைப் பொத்திக்கொண்டார்கள். என் கைகளும் மேலே போயிருந்தன.