மூன்று கட்டத்துக் கொட்டை

மதிப்பிற்குரிய குறுக்கெழுத்துப் பகுதி ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கண்ணும் கழுத்தும் நலம்தானே? மலையடியில் நாங்களும் நலம். இந்த அக்டோபர் கடைசி வரைக்கும் என்று சேர்த்துப் படிக்கவும்.

"ஜிர், ஜிர்னு வாராவாரம் எழுதுறீங்களே வாத்தியாரே, அது எப்படி இருக்கும்?" என்று ரொட்டிக்கடை சவேத்தா ஒரு நாள் கேட்டார். 'காட்டு மரமான பீச்சின் கொட்டை (பழ மரம் அல்ல)' என்று தாங்கள் குறிப்புக் கொடுப்பதும், நம் ருமேனிய எழுத்தில் மூன்றே கட்டம் என்பதால் நான் யோசிக்காமல் ஜிர் என்று நிரப்புவதும் முப்பத்தொரு வருடப் பழக்கம். கொட்டையை நான் பார்த்ததே இல்லை. ஆனால் வரலாறு கற்பித்தவனுக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வருமா? "உருண்டையாக இருக்கும்" என்றேன்.

"திங்கலாமா?"

"தாராளமாக."

"நீங்க தின்னுருக்கீங்களா?"

அங்கே மாட்டிக்கொண்டேன்.

எங்கள் குறுக்கெழுத்துக் கழகத்தில் மூன்று பேர்: தலைவர் நான், ஓய்வுபெற்ற தபால்காரர் பம்ஃபில், தையற்கார எவ்டோகியா அம்மாள். சவேத்தாவின் ரொட்டி அடுப்பை ஒட்டிய பெஞ்சில்தான் பனிக்காலம் முழுவதும் கூடுவோம். படித்தவர்கள் என்று நம்பி அவர் கொடுத்த இடம் அது. இப்போதோ, "அக்டோபர் கடைசியில வர்ற டிமிட்ரி திருநாளுக்குள்ள ஒரு ஜிர் கொண்டாந்து என் கையில வைங்க. இல்லைன்னா பெஞ்சுல மாவு மூட்டையை அடுக்கிருவேன். மூட்டை பொய் சொல்லாது" என்று கெடு வைத்துவிட்டார்.

மறுநாளே காட்டுக்குப் போனோம். மழமழவென்று சாம்பல் நிறத்தில் அடிமரம். பீச் இல்லாமல் வேறென்ன? மூன்று நாள் முழங்காலில் தவழ்ந்து தேடினோம். கிடைத்தவை: கோட்டுப் பொத்தான் ஒன்று, காளான் நான்கு, எவ்டோகியா அம்மாளுக்கு இடுப்புப் பிடிப்பு. உருண்டையாக எதுவும் இல்லை.

"தலைவரே, மூணு கட்டம் காலியா இருக்கேன்னு அந்தப் பத்திரிகைக்காரன் ஒரு கொட்டையவே கண்டுபிடிச்சிட்டான்யா!" என்றார் பம்ஃபில்.

"வாயை மூடு. பீச்சு எல்லா வருஷமுமா காய்க்கும்? அஞ்சாறு வருஷத்துக்கு ஒருதரம்னு என் கொழுந்தன் சொல்லியிருக்கான். இது மரத்துக்கு ஓய்வு வருஷம்" என்றார் எவ்டோகியா அம்மாள், இடுப்பைப் பிடித்தபடி.

அங்கேயே தீர்மானம் நிறைவேற்றினோம். பீச் காய்க்காத வருடங்களில் தாங்கள் அந்தக் குறிப்பை வெளியிடக் கூடாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். கோடை விடுமுறையில் நான் வருகைப் பதிவு எடுத்ததில்லை; வீட்டிலிருக்கும் பிள்ளையின் பெயரை வகுப்பில் கூப்பிடுவது நியாயமா? மரத்துக்கும் அப்படித்தானே? ஆகவே, இவ்வாண்டு ஜிர் கிடையாது என்று தாங்கள் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, ஒரு சான்றிதழ் அனுப்பி உதவவும். முத்திரை என்றால் சவேத்தா எழுந்து நிற்பார்.

தங்கள் பென்சில் முனை உடையாதிருக்கட்டும். அழிப்பானுக்கு வேலையில்லாமல் போகட்டும்.

இப்படிக்கு,
தெயோஃபில் பர்சான்
தலைவர், குறுக்கெழுத்துக் கழகம்

பின்குறிப்பு: சான்றிதழ் வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கடையில் உரக்கப் படித்தபோது வனக்காவலர் ஸகரியா ரொட்டி வாங்க வந்தார்.

"எங்கய்யா தேடுனீங்க?"

"ஓடைக்கு இந்தப் பக்கம்."

"அது பூரா கார்பென் மரமாச்சே! அடிமரம் மட்டுந்தான் பீச்சு மாதிரி. பீச்சு ஓடைக்கு அந்தாண்ட. இந்த வருஷம் கணுக்கால் முழுகுற அளவுக்கு ஜிர் கொட்டிக் கெடக்கு. தின்ன பன்னியெல்லாம் எந்திரிக்க முடியாம உட்காந்திருக்கு!"

கார்பென்னுக்கு ஆறு கட்டம். அதையும் நான் இத்தனை வருடம் பிழையில்லாமல்தான் நிரப்பியிருக்கிறேன்.

ஸகரியா சட்டைப்பையிலிருந்து ஒரு கை அள்ளி சவேத்தாவின் கையில் போட்டார். பழுப்பு நிறம், மூன்று பட்டை. உருண்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. சவேத்தா அதை வறுத்துத் தின்றுவிட்டு, "படிச்சவர்னா இவருதான்" என்று பெஞ்சில் அவரை உட்கார வைத்து, மிச்ச இடத்தில் மாவு மூட்டையை அடுக்கிவிட்டார். புதிய தலைவரும் அவர்தான். ஒரு வாரமாக நாங்கள் மூவரும் நின்றுகொண்டே நிரப்புகிறோம். அடுப்புச் சூடு முட்டி வரைக்கும் வருகிறது, குறையில்லை.

தாங்கள் ஒன்று செய்யுங்கள். நாளைக் காலை அலுவலக வாசலில் நிற்கும் மரத்தைக் காட்டி, அது என்ன மரம் என்று அந்தப் பக்கம் போகிற யாரையாவது கேளுங்கள்.