கெல்சியின் கல்யாணப் படத்தில் நான் ஏன் இல்லை

வில்லோ ஃபோர்க், ஒக்லஹோமா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வெல்டா அக்காவுக்கு,

தம்பி கெய்லன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் நாயும் சௌக்கியம். அங்கே உன் இடுப்பும் டாக்டர் அதற்குள் வைத்த இரும்பும் ஒன்றோடொன்று ராசியாகி, நீ கைத்தடி இல்லாமல் சமையலறைவரை போய்வருகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

போனில் கல்யாணப் படம் வந்ததும் நீ கூப்பிட்டு, "குடிச்சிட்டுப் போனியா, இல்ல ட்ரீவாகிட்ட சண்டை போட்டியா, எதுக்குடா அந்த லாய்ட் நிக்கிற இடத்துல நீ இல்ல?" என்று கேட்டாய். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நீயே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு, அதற்காக அழவும் செய்து, வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டுவதற்கு முன்னால் எங்கள் ஊர்ச் சட்டத்தையும் கொஞ்சம் கேட்டுக்கொள்.

உனக்கே தெரியும், காலையில் எழுந்ததும் பர்ஸ், சாவி, மூக்குக்கண்ணாடி, இடுப்பில் துப்பாக்கி, இந்த வரிசையில்தான் நான் உடுத்துவேன். சண்டைக்காரன் என்பதால் இல்லை. கவுண்டி நிர்வாகத்துக்காக ரோடு போட்டுக்கொண்டிருந்த காலத்தில் புதருக்குள் பாம்பு இருக்கும் என்று ஆரம்பித்த பழக்கம், ரிட்டயர் ஆன பிறகும் விடவில்லை. "உங்க ஊர்ல லைசென்ஸே வேண்டாம், சர்ச்சுக்கும் சந்தைக்கும் தூக்கிட்டுப் போவீங்க" என்று சிகாகோ பக்கத்திலிருந்து நீ திட்டும்போதெல்லாம், நானும் அதைப் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பதை நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. ஏனென்றால் நான் போகிற இடம் மூன்றுதான்: தீவனக்கடை, குளம், என் வீட்டு முற்றம்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் கோர்ட்டில் கல்யாணம். தனக்கு ஒரு பக்கம் நானும் மறுபக்கம் லாய்டும் நடந்து வரவேண்டும் என்று கெல்சி கேட்டிருந்தாள். என்னை விட்டுப் பிரிந்த ட்ரீவாவை லாய்ட் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நாங்கள் இருவரும் மழையைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறோம், அதுவும் மழை பெய்தால். ஆனாலும் மகள் கேட்கிறாள் என்று ஒப்புக்கொண்டேன். என் வண்டி கியர் போய் மெக்கானிக்கிடம் கிடந்தது. பக்கத்துப் பண்ணை ஆர்டிஸ் அம்மா கண் டாக்டரைப் பார்க்க அடுத்த ஊருக்குப் போகிற வழியில் என்னைக் கோர்ட் வாசலில் இறக்கிவிட்டு, "சாயங்காலம் வந்து ஏத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் வண்டி கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் நான் உள்ளே நுழைந்தேன். அங்கே, அந்தக் கதவு மாதிரி நிற்கும் மெஷின் கத்தியது.

காவலுக்கு இருந்தவள் வனெட்டா. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கெய்லன் அண்ணே, கோட்டு நல்லா இருக்கு. கோட்டுக்குள்ள இருக்கிறதுதான் நல்லா இல்ல."

கையை வைத்துப் பார்த்தேன். இருந்தது. அக்கா, சத்தியமாக எனக்கு அது இருப்பதே தெரியாது. உனக்குக் காதில் தோடு இருப்பது நினைவிருக்குமா?

"இத நீ வாங்கி வச்சுக்கோ வனெட்டா."

"நான் வாங்கக்கூடாது. பூட்டு வச்ச பெட்டி ஒண்ணு வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கேன், கவுண்டிக்காரங்க பதிலே போடல. வண்டியில வச்சிட்டு வாங்க."

"வண்டி இல்ல."

"அப்போ துப்பாக்கியோட உள்ள வர வழியும் இல்ல. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க. இந்தக் கல்யாணம் முடிஞ்சதும் ஜட்ஜ் அம்மாவுக்கு மாட்டுத் திருட்டுக் கேஸ் இருக்கு. உங்களுக்காக அவங்க காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க."

போலீஸ்தானே என்று ஷெரிஃப் ஆபீஸில் கொடுக்கலாம் என்றால், அது அதே கட்டடத்தின் அடித்தளத்தில். போவதற்கு அதே கதவு. சரி, ஊரில் எல்லோரும் தெரிந்தவர்கள்தானே, யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று இறங்கினேன். பேங்க் கண்ணாடியில் துப்பாக்கி மேல் குறுக்குக்கோடு போட்ட ஸ்டிக்கர். இவ்வளவு காலமாக அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன், அதைப் பார்த்ததே இல்லை. உள்ளேயிருந்த பெண் என்னைப் பார்த்துக் கையசைத்தாள்; நானும் அசைத்துவிட்டு நகர்ந்தேன். போஸ்ட் ஆபீஸ் வாசலில் கால் வைக்கும்போதே கிளார்க் எழுந்துவிட்டார். "அங்கேயே நில்லு கெய்லன்! இது மாநிலத்து இடம் இல்ல, வாஷிங்டன் சர்க்கார் இடம். உள்ள வந்தா உன் மேல நான்தான் புகார் எழுதணும். எனக்கு எழுத்து வேலைன்னாலே ஆகாது." ராண்டலின் தீவனக்கடைக்குக் குறுக்கு வழி பள்ளிக்கூடத் தெரு. பாதித் தெருவில்தான் நினைவு வந்தது, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் போகிறவனுக்கு மட்டும் லைசென்ஸ் வேண்டும் என்று ராண்டலே ஒருமுறை சொன்னது. லைசென்ஸே தேவையில்லை என்று சட்டம் மாறியபோது, இனி எதற்கு என்று நான் என்னுடையதைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். ஆக, லைசென்ஸ் தேவையில்லாத மாநிலத்தில் லைசென்ஸ் இல்லாத குற்றத்துக்காக, கல்யாணக் கோட்டோடு, வெயிலில், நான்கு தெரு சுற்றிப் போனேன். போனால் ராண்டலின் கடைக் கதவில் 'மீன் பிடிக்கப் போயிருக்கிறேன்' என்று அட்டை தொங்குகிறது.

கடைசியாக மேவிஸின் காபிக் கடை. அங்கே ஸ்டிக்கர் இல்லை. மேவிஸ் சிரித்துக்கொண்டே காபி ஊற்ற வந்தாள்.

"இத உன் கல்லாப் பெட்டிக்குக் கீழ வச்சுக்கோ மேவிஸ், ஒரு மணி நேரம்."

"நீங்க இடுப்புல போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல. விட்டுட்டுப் போனீங்கன்னா அது என் தலையில. பேரப்பசங்க ஸ்கூல் விட்டு இங்கதான் வருவாங்க. வேண்டாம்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள். "லாய்ட் வண்டி கோர்ட்டுக்கு எதிர்ல நிக்குதே. அதுல பூட்டி வச்சா என்ன?"

அக்கா, அது எனக்கு முதலிலேயே தெரியும். வனெட்டாவிடமிருந்து திரும்பி வெளியே வந்தபோதே அந்த வண்டியைப் பார்த்தேன். அதற்குள் லாய்ட் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் எதிர்ப்பக்கமாக நடந்தேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆனால் கோர்ட்டுக் கடிகாரம் இரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. போய்க் கண்ணாடியைத் தட்டினேன். லாய்ட் புது பூட்ஸும் டையுமாக இறங்கினார். டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

"லாய்ட், ஒரு உதவி. இத உங்க வண்டியில வச்சுப் பூட்டணும்." கோட்டை விலக்கிக் காட்டினேன்.

அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். நான் ஏதோ கொள்ளையடிக்க வந்தவன் மாதிரி.

"முடியாது கெய்லன்."

எனக்குச் சுருக்கென்றது. "இதுவரைக்கும் உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. இன்னிக்கு என் மக கல்யாணம். இதுக்குக்கூடவா முடியாது?"

"மனசு இல்லாம இல்ல. எனக்குக் கூடாது." ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "இருபத்திரண்டு வயசுல ஒருத்தரோட ட்ராக்டரை ஓட்டிட்டுப் போய் டெக்சாஸ்ல வித்துட்டேன். ஜெயில்ல இருந்துட்டு வந்தேன். அதுலேர்ந்து எனக்குத் துப்பாக்கி கையில கூடாது, வீட்ல கூடாது, வண்டியில கூடாது. நீங்க இதுல வச்சீங்கன்னா மறுபடி என்னை உள்ள வச்சிடுவாங்க."

கோட்டை இழுத்து மூடிக்கொண்டேன். மான் வேட்டைக்கு யார் கூப்பிட்டாலும் இவர் வரமாட்டார். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் போடுகிறவர் என்று ஊரே சொல்லும். ஊருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

"ட்ரீவாவுக்குத் தெரியுமா?"

"கட்டிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். கெல்சிக்கும் தெரியும். ஊருக்குத்தான் தெரியாது. இப்போ உங்களுக்குத் தெரியும்."

கெல்சிக்கும் தெரியும்! எத்தனை தடவை என் வீட்டு மேசையில் உட்கார்ந்து அந்த வேட்டைக் கதையைச் சொல்லி நான் சிரித்திருப்பேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

அப்போது கோர்ட்டு மாடியில் ஜன்னல் திறந்தது. கல்யாண உடையோடு கெல்சி பாதி உடம்பு வெளியே தெரிய நின்றாள். "ரெண்டு பேரும் அங்க என்ன மாநாடா நடத்துறீங்க? ஜட்ஜ் அம்மா கடிகாரத்தைப் பாக்குறாங்க!"

லாய்ட் வாயில் கையைக் குவித்து, நடுத்தெருவில் நின்று, "உங்கப்பாகிட்ட துப்பாக்கி இருக்கு!" என்று கத்தினார். வேறு ஊராக இருந்தால் ஜனங்கள் ஓடியிருப்பார்கள். இங்கே முடிவெட்டும் கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்ததும் திரும்ப உட்கார்ந்தார். மேலே கெல்சி உள்ளே தலையை இழுத்து, பிறகு மறுபடி நீட்டினாள். "அம்மா சொல்றாங்க, இது ஒண்ணும் புது விஷயம் இல்லையாம்!"

"நீங்க போங்க லாய்ட்," என்றேன்.

"அது சரியா இருக்காது. பெத்தவர் நீங்க. நானும் போகல. இங்கயே உங்களோட நிக்கிறேன்."

"ரெண்டு பேரும் இங்க நின்னா அவ தனியா நடப்பா. நான் எங்கயும் நுழைய முடியாது. பேங்குக்குள்ள முடியல, போஸ்ட் ஆபீஸுக்குள்ள முடியல. நீங்க இந்த ஊர்ல எந்த வாசல்லயும் நுழையலாம். போங்க."

அவர் நகரவில்லை. நான் அவர் டையை நேராக்கிவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு ரோட்டைக் கடந்து போனார். வனெட்டாவின் மெஷின் ஒரு சத்தம் போடவில்லை.

நான் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜன்னலை அவர்கள் மூடவில்லை. ஜட்ஜ் அம்மா படிப்பது பாதி கேட்டது, பாதி லாரிச் சத்தத்தில் போனது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது போல என்று நினைத்தபோது, ஜன்னலில் கறுப்பு அங்கியோடு ஜட்ஜ் அம்மாவே வந்து நின்றாள்.

"கெய்லன் ப்ரூயிட்! இந்தப் பொண்ணைக் கட்டிக் குடுக்கிறது யாருன்னு கேட்டா, இங்க ஒருத்தர் பதில் சொல்லாம உங்களைக் கைகாட்டுறார். குடுக்கிறீங்களா?"

எழுந்து நின்றேன். தொப்பியைக் கழற்றினேன். "அவரும் நானும் சேர்ந்து குடுக்கிறோம், அம்மா!" என்று என்னால் முடிந்த அளவுக்குக் கத்தினேன். முடிவெட்டும் கடையில் கைதட்டினார்கள். மேலே கெல்சி அழுவது நன்றாகக் கேட்டது. அந்த நேரத்தில் ஒரு லாரியும் வரவில்லை, அக்கா.

படம் எடுத்தது உள்ளே. அதனால்தான் அதில் நான் இல்லை. அதை மட்டும் சொல்லத்தான் உட்கார்ந்தேன், இவ்வளவு நீண்டுவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு லாய்ட் காகிதத் தட்டில் எனக்கு கேக் கொண்டுவந்தார். பெஞ்சின் அந்த ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "எவ்வளவு தள்ளி உக்காரணும்னு சட்டத்துல இருக்கான்னு தெரியல, எதுக்கும் இங்கயே இருக்கேன்" என்றார். அவர் வண்டியில் என்னை ஏற்ற முடியாது. போங்கள் என்றால் கேட்கவில்லை. ஆர்டிஸ் அம்மா வரும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். மழை இல்லாத நாள், ஆனாலும் பேசிக்கொண்டிருந்தோம்.

உன் இடுப்பு சீக்கிரம் ஆறவேண்டும். உன் வீட்டில் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, என்னைக் கொஞ்சமாகத் திட்டி, நீடூழி இருக்கவேண்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி,
கெய்லன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது கெல்சி போன் செய்தாள். கோர்ட்டு கிளார்க் அவள் வீட்டுக்கே கூப்பிட்டுச் சொன்னாராம். சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னதற்கு, மாப்பிள்ளை கோல்பியின் அம்மா அழுதுகொண்டே மணமகள் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் போட்டுவிட்டாளாம். காகிதத்தின்படி இப்போது கோல்பிக்கும் அவனைப் பெற்றவளுக்கும்தான் கல்யாணம் ஆகியிருக்கிறது. ஜட்ஜ் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "எல்லாரும் செவ்வாய்க்கிழமை திரும்ப வாங்க, முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிவிட்டாளாம். எனவே மேலே எழுதிய கல்யாணம் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள். என்னை அழைத்துப் போக லாய்டே வருகிறார். "வாசல்லயே நிக்க வச்சு, வனெட்டா மாதிரி தடவிப் பாத்துட்டுத்தான் வண்டியில ஏத்துவேன்" என்கிறார். தடவட்டும், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.