அதே வண்டிதான், ஆனால் வேறு வண்டி

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. மணி பன்னிரண்டே முக்கால். பாப்பா இப்போதுதான் கண்ணசந்தாள். இங்கே எல்லோரும் சுகம். அண்ணிக்கு முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்கு நீ வாங்கிவந்த கிலுகிலுப்பையை நான் தொலைத்ததை மறந்திருப்பாய் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ கொடுத்த காரை நாளைக் காலை பத்து மணிக்கு ஷோரூம் ஆள் வந்து எடுத்துப்போகிறார். பதிலுக்கு வருவதும் அதே பெயர் கொண்ட அதே சின்னக் கார்தான், மூன்றாம் தலைமுறையாம். "நீங்க ஓட்டுற அதே வண்டிதான் மேடம்" என்றார் விற்பனைக்காரர். அடுத்த மூச்சிலேயே, "இதுல ஒரு ஸ்க்ரூகூட பழசு கிடையாது" என்றார். எல்லாம் மாறிவிட்டால் அது எப்படி அதே வண்டி என்று கேட்டேன். உன் மாப்பிள்ளை என் காலை மிதித்தார்.

ஓட்டிப் பார்த்தோம். பழசில் கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைச் சுற்றினால் கைப்பிடி கையோடு வந்துவிடும், புதுசில் ஒரு பொத்தான்தான், ஆனால் கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் கத்துகிறது, பின்னால் சுவர் வந்தால் கத்துகிறது, பக்கத்து சீட்டில் முட்டைக்கோஸ் பையை வைத்தேன், அதற்கும் பெல்ட் போடு என்று கத்தியது, போட்டுவிட்டேன், கோஸ் மகாராணி மாதிரி உட்கார்ந்து வந்தது. மோதினால் விரியும் காற்றுப்பை பழசில் ஒன்றுகூட இல்லை, இதில் ஆறு, அதை நினைச்சா இப்பவே மாத்திடணும்போல இருக்கு. ஆனா பாப்பா? பழசுல பின்னாடி லொடலொடன்னு ஒரு சத்தம் வருமே, சஸ்பென்ஷன்னு போன்லயே நீ கண்டுபிடிச்சு, மெக்கானிக்கும் ஆமா ஆமான்னு ரெண்டு தடவை கழட்டி மாட்டியும் போகாத சத்தம், நாலு மாசமா அதைக் கேட்டுத்தான் அவள் தூங்கறாள். தெருவை மூணு சுத்து சுத்தினா போதும். புதுசு பூனை மாதிரி போகுது. ஏறினதுலேர்ந்து இறங்கற வரைக்கும் ஒரே அழுகை.

தூங்காத பிள்ளைக்காக யாராவது ஓட்டை வண்டியை வைத்துக்கொள்வார்களா என்கிறார் இவர். "அப்ப ராத்திரி முழுக்க தோள்ல போட்டுக்கிட்டு நடக்கப்போறது யாரு?" என்றேன். சாவியை எடுத்துக்கொண்டு வண்டியைக் காலி செய்யக் கீழே போய்விட்டார்.

பாதுகாப்பா, தூக்கமா? படித்தவள்தானே என்று நடுவே கோடு போட்டு, பழசு ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம் என்று எழுதினேன். பழசுப் பக்கத்தை மட்டும் பாப்பா கிழித்து வாயில் போட்டுக்கொண்டாள். அது பிடித்ததாலா, பிடிக்காததாலா என்று தெரியவில்லை. மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருக்கிறேன். இதைப் படமெடுத்துப் போனில் அனுப்புகிறேன், விடிந்ததும் பார். நீ வேண்டாம் என்றால் ஷோரூம் ஆளை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன்.

அண்ணிக்கு என் அன்பு. உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் குழம்பிய தங்கை

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் விடு. வண்டியைக் காலி செய்யக் கீழே போனவர் இப்போதுதான் வந்தார். பின்சீட்டுக்கு அடியில், இரண்டு கம்பிகளுக்கு நடுவே, நீ வாங்கிவந்த கிலுகிலுப்பை. அதை எடுத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாராம், சத்தம் போயே போய்விட்டதாம். மெக்கானிக்கிடம் சொல்லிவிடாதே. பழசு போகட்டும். ஆனால் புதுசில் இதை எந்த சீட்டுக்கு அடியில் செருகுவது, இடமா வலமா? சீக்கிரம் பதில் போடு.